எது முதலில் உடையும்?

"இனி இந்த என்ஜின்ல பலப்படுத்த ஒண்ணுமே பாக்கி இல்லைங்க அம்மிணி. இன்னும் ஏன் வண்டியில ஏற மாட்டேங்கிறீங்க?"

கேட்டவர் ரங்கநாயகம். இருபத்தாறு வருஷம் லாரி என்ஜின் பிரித்துப் பூட்டிய கை. ஐம்பது தாண்டிய பிறகு, பந்தயக் கார் என்ஜின் கட்டப் பழக ஜெசிந்தாவின் கோவைப் பட்டறைக்கு வந்து சேர்ந்தவர்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்து நாலு வயது. தான் ஓட்டுகிற காரின் என்ஜினைத் தானே கட்டுவாள். இந்த வருஷம் அதை அவரிடம் விட்டிருந்தாள். டர்போ உள்ளே தள்ளுகிற காற்றழுத்தம் போன வருஷத்தைப் போல இரண்டு மடங்கு. அதைத் தாங்க வேண்டும்.

"பிஸ்டன்?" என்றாள்.

"வார்ப்பு பிஸ்டனைக் கடாசிட்டேன். எல்லாம் ஃபோர்ஜிங், அடிச்சு உருவாக்கினது."

"கனெக்டிங் ராடு?"

"அதுவும்தான்."

"ஹெட் போல்ட்டு?"

"ஒரு சைஸ் தடிமனாப் போட்டிருக்கேன்."

"அழுத்தத்தைக் கட்டுப்படுத்துற டர்போ வால்வு சிக்கிக்கிச்சுன்னு வைங்க. அழுத்தம் ஏறிட்டே போகுது. எது முதல்ல உடையும்?"

"எதுவும் உடையாதுங்க."

"அப்ப நான் ஏற மாட்டேன்."

அவருக்குச் சுருக்கென்றது.

இரண்டு நாள் மெனக்கெட்டு பேரிங்குகளை மாற்றினார். மறுபடி கூப்பிட்டார்.

"எது முதல்ல உடையும், அண்ணா?"

"சத்தியமா எதுவும் உடையாது."

அவள் வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

பந்தயத்துக்கு மூன்று நாள் இருந்தது. ரங்கநாயகம் கோபத்தோடு பானெட்டைத் திறந்தார். பிஸ்டன் உடைந்தால் ராடு என்ன ஆகும்? ராடு உடைந்தால் பிளாக்கைப் பொத்துக்கொண்டு எங்கே வரும்? விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் ஒரு தகரத்தில் முட்டி நின்றது.

தகரத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுகிறவளின் கால்கள் இருக்கும்.

ஸ்பேனரை எடுத்துக் காற்றுக் குழாயைக் கழற்றத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு, காற்றுக் குழாயில் புதிதாகப் பொருத்தியிருந்த சின்ன ஸ்பிரிங் வால்வைக் காட்டினார்.

"இதுங்க. அளவு மீறினா இது பிச்சுக்கும். காத்து பூரா வெளிய போயிரும்."

"ஹெல்மெட்டை எடுங்க" என்றாள் ஜெசிந்தா.

ஞாயிற்றுக்கிழமை ஏழாவது சுற்று வரை அவள்தான் முதலில் போனாள். எட்டாவது சுற்றில் புஸ்ஸென்று ஒரு சத்தம். வண்டி சுணங்கியது. மற்ற கார்கள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. அவள் ஓரமாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

ரங்கநாயகம் ஓடிப் போய்ப் பார்த்தார். டர்போ வால்வு சிக்கியிருந்தது. புது வால்வின் ஸ்பிரிங் எங்கேயோ தெறித்துப் போயிருந்தது. மற்றதெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"ஜெயிக்கிற பந்தயம் போச்சுங்களே அம்மிணி! அந்த ஸ்பிரிங் வால்வை மாட்டி நானே கெடுத்துட்டேனே!"

ஜெசிந்தா கதவைத் திறந்து இரண்டு கால்களையும் வெளியே வைத்தாள். எழுந்து நின்று சோம்பல் முறித்தாள்.

"பசிக்குதுண்ணா. சாப்பிடப் போலாம், வாங்க."