சுவருக்குள் இருந்த விதை

ஆற்றுக்கு இக்கரையில், ஒரு காட்டில், ஓர் இருவாச்சிப் பறவை தன் துணையோடு வாழ்ந்தது. அந்த இனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணாலும் பழச்சக்கையாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு துவாரம்தான் மிச்சம். ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு.

அந்தக் காட்டிலோ பழமே இல்லை. அந்தக் காட்டை ஆண்ட கரடி ராஜா பிறப்பதற்கு முன்பே மூண்ட தீயில் பழமரங்கள் எல்லாம் எரிந்துபோயின. அக்கரைக் காட்டில் மட்டும் செங்கனி மரங்கள் காய்த்துக் குலுங்கின.

அக்கரை நரி ஒப்பந்தம் பேச வந்தது.

"எங்கள் பழத்தை நீங்கள் தின்னலாம். உங்கள் உப்புப் பாறையை எங்கள் மான்கள் நக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. செங்கனி எங்கள் காட்டைத் தவிர வேறெங்கும் உண்டானதில்லை. ஆகவே விதை எங்களுடையது, திருப்பித் தந்துவிட வேண்டும். இங்கே முளைத்தால் அந்த மரமும் எங்களுடையதே."

கரடிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "விதையை யார் தின்னப் போகிறார்கள்?" என்று சிரித்தபடி, பாதத்தைச் சேற்றில் தோய்த்துப் பாறையில் பதித்துவிட்டது. சாப்பாட்டு ராமனுக்கு வேறென்ன தெரியும்?

இருவாச்சி ஆற்றைக் கடந்து பழம் கொண்டுவரும். ஊட்டி முடித்ததும் விதைகளைச் சுமந்துகொண்டு மறுபடி ஆற்றைக் கடக்கும். 'பொந்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மரம் இருந்தால் போதுமே! அவள் குரல் கேட்கும் தூரத்திலேயே இருப்பேனே!' என்று பறக்கும்போதெல்லாம் ஏங்கும்.

ஒருநாள் பொந்து மரத்தடியில் ஒரு செங்கனிக் கன்று இரண்டு இலை விட்டு நின்றது. இருவாச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. நரிக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது; கரடியையும் அழைத்துக்கொண்டு ஓடி வந்தது.

"எங்கள் விதையைத் திருடிவிட்டாய்! கன்றைப் பிடுங்கப் போகிறேன். இனி உனக்குப் பழமும் கிடையாது."

"ஐயா, குஞ்சுக்கு இன்னும் இறகுகூட முளைக்கவில்லை. பட்டினியால் செத்துப்போகும்!" என்று இருவாச்சி கரடியிடம் கெஞ்சியது.

"பாதம் பதித்தாயிற்றே, நான் என்ன செய்ய?" என்று கரடி தலையைச் சொறிந்தது.

அப்போது துவாரத்துக்குள்ளிருந்து பெண் பறவையின் குரல் வந்தது. "கொஞ்சம் பொறுங்கள்! இது என் அம்மா இருந்த பொந்து. அவள் பூசிய சுவரின் மேல்தான் நானும் பூசினேன். பழைய மண் அவ்வப்போது கீழே உதிரும். இதையும் பாருங்கள்."

ஒரு மண்கட்டி கீழே விழுந்தது. அதன்மேல் கரி படிந்திருந்தது. கரடி அதை உடைத்தது. உள்ளே செங்கனி விதைகள்!

"இது தீக்கு முந்தைய சுவர்! அப்படியானால் செங்கனி இங்கேயும் விளைந்திருக்கிறது. இந்தக் கன்றும் இப்படி உதிர்ந்த விதையில் முளைத்திருக்கலாம். வேறெங்கும் உண்டானதில்லை என்றீரே, நரியாரே?" என்று கரடி கேட்டது.

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு அக்கரைக்குத் திரும்பியது. பழத்துக்கு உப்பு என்ற பேச்சு மட்டும் நிலைத்தது. விதை நிபந்தனை அன்றோடு ஒழிந்தது.

கன்று காய்க்கப் பல மழைக்காலம் ஆகும். அதுவரை இருவாச்சி ஆற்றைக் கடக்கத்தான் வேண்டும். ஆனால் இப்போது அது விதைகளைப் பொந்தைச் சுற்றியே போடுகிறது.

"இன்று எங்கே போட்டீர்கள்?" என்று பெண் பறவை உள்ளிருந்து கேட்கும்.

"உன் குரல் கேட்கும் இடத்தில்தான்" என்று சொல்லிவிட்டு, அது மறுபடி அக்கரைக்குப் பறக்கும்.

நீதி: அடுத்தவர் பழத்துக்கு ஏங்கிக் கையொப்பம் இடுமுன், உன் வீட்டுச் சுவரில் இருப்பது என்ன என்று பார்.