வெள்ளந்திபாளையத்துக்கு வந்த பந்தல்

வெள்ளந்திபாளையத்துக்காரர்களுக்குப் புடலை விதைக்கத் தெரியும். பந்தல் போடத்தான் ஒருவருக்கும் தெரியாது. செங்கோடனின் மனைவி அங்காத்தாள் ஊன்றிய விதை முளைத்து, கொடி தரையிலேயே தவழ்ந்து பூத்தும்விட்டது. காய் மண்ணில் கிடந்து அழுகிவிடும் என்று அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"நாளைக்கு வருவேனுங்க. பந்தல் இல்லைன்னா திரும்பிப் போய் அங்கேயே இருந்துக்குவேன்."

செங்கோடன் உடனே பக்கத்து ஊர் நாச்சிமுத்துவிடம் போய் நின்றான். அவர் நல்ல மனுஷர். தன் தோட்டத்துப் பழைய பந்தல் சும்மாதான் நிற்கிறது, கழற்றி எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

செங்கோடன் மூன்று கூட்டாளிகளோடு வந்து கழற்ற ஆரம்பித்தான். முதலில் கழன்று வந்தது கயிறு.

"பந்தலைத்தானே எடுத்துக்கச் சொன்னார்? கயிறைத் தொட்டா அது திருட்டு," என்றான் ராசப்பன். கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். மூங்கிலும் ஓரத்துக்குப் போனது. கம்பங்களைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அவை வெறும் கம்பங்கள்.

"அப்புறம் பந்தல்னு பேரு எங்கிருந்து வந்துச்சு?" செங்கோடனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பொன்னான் நெடுநேரம் யோசித்தான். "தலை வலிச்சாத் தலைவலி. பல்லு வலிச்சாப் பல்வலி. பேரு சும்மா வராது மாப்ளே. இதுக்குள்ள பந்தல்னு ஒண்ணு இருக்கப்போய்த்தான் பேரே வந்திருக்கு. கயிறு போச்சு, மூங்கில் போச்சு, கம்பமும் போச்சு. மிச்சம் என்ன?"

பார்த்தார்கள். நடுவில் காலியாக இருந்தது.

"அட, இத்தனை பெருசா," என்றான் குட்டியப்பன்.

ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துத் தூக்கினார்கள். கனமே இல்லை. நல்ல சரக்காகத்தான் கொடுத்திருக்கிறார் என்று நாச்சிமுத்துவை மெச்சிக்கொண்டார்கள். புளியமரக் கிளையில் இடிக்காமல் தாழ்த்திப் பிடித்தார்கள். குறுகலான சந்தில் சாய்த்துத் திருப்பினார்கள். எதிரே வந்த வண்டிக்காரர் வழிவிடச் சொன்னபோது, சேற்றில் இறக்கி வைக்க மனம் வராமல் அவரைத்தான் வயலுக்குள் இறங்கிப் போகச் சொன்னார்கள். ஒருவழியாகக் கொடிக்கு மேலே அலுங்காமல் இறக்கி வைத்தார்கள்.

மறுநாள் அங்காத்தாள் வந்தாள். தரையில் கொடி கிடந்தது. சுற்றிலும் நாலு பேர் பெருமையாக நின்றார்கள். அவள் நேரே கொடியைப் பார்க்க நடந்தாள். குனிந்து வரும்படி செங்கோடன் சொல்வதற்குள் நடுவில் வந்து நிமிர்ந்து நின்றுவிட்டாள். நால்வரும் அவள் தலையையே பார்த்தார்கள்.

"பந்தல் எங்கீங்க?"

"அதைப் பொத்துக்கிட்டுத்தானே நிக்கிறே. கேள்வி வேறயா?" என்றான் செங்கோடன்.

அவள் மேலே பார்த்தாள். நாலு முகங்களையும் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"போறதுதான் போறே அங்காத்தா, இதே ஓட்டை வழியாவே போயிடு. இன்னொண்ணு போட்டுடாதே."