எல்லாக் கையும் ஒண்ணுதான்

பொள்ளாச்சியில் வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில்தான் இருதயராஜ் மசாஜ் கடை வைத்திருந்தான். அவனைக் காலி செய்யச் சொல்லி அன்று சங்கத்தில் பஞ்சாயத்து. புகார் கொடுத்தவர் ஊருக்கு ஊர் மசாஜ் கிளை நடத்தும் கோகுலநாதன்.

"என்கிட்ட வேலை பார்த்தவன், எதிர்லயே கடை போட்டு என் கஸ்டமரை இழுத்துட்டான். நாளைக்கே சாத்தணும்!"

தலைவர் திரும்பினார். "என்னப்பா சொல்ற?"

"நான் யாரையும் கூப்பிடலீங்க. என் கை பிடிச்சுப்போய் அவங்களா வர்றாங்க."

"கையாவது மண்ணாவது!" மேஜையைத் தட்டினார் கோகுலநாதன். "என் போர்டுக்குத்தான் கூட்டம். நான் பயிற்சி கொடுத்த எல்லாக் கையும் ஒண்ணுதான்."

சங்கத்தார் தலையாட்டினார்கள். இருதயராஜ் கோகுலநாதனைக் கைகாட்டினான்.

"ஐயா கழுத்தைத் திருப்ப முடியாம உட்கார்ந்திருக்காருங்க. கூட வந்த அவர் கடை ஆளே அமுக்கிவிடட்டும். 'நல்லாருக்கு'ன்னு ஐயா சொல்லிட்டா நான் போயிடறேன்." கடைச் சாவியை மேஜைமேல் வைத்தான்.

கோகுலநாதன் சிரித்தபடி காலரைத் தளர்த்திக் கண்ணை மூடினார். ஊழியர் கழுத்தில் விரலை வைத்து அழுத்தினார். எல்லாரும் முதலாளியின் வாயையே பார்த்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா..." என்று ஆரம்பித்தார். விரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"ஐயோ! அங்க இல்லடா! இருதயராஜ் அமுக்குவானே, அந்த மாதிரி அமுக்குடா!"

தலைவர் சாவியை எடுத்து இருதயராஜிடம் நீட்டினார்.

"சீக்கிரம் போய்க் கடையைத் திறப்பா. முதல் ஆள் இங்கேயே உட்கார்ந்திருக்காரு."