பீரோவுக்குக் காவல்

மேலப்பனைச்சேரி பள்ளிக்கூடத்துக்கு ஒரு அறக்கட்டளை வண்டி நிறையப் பெட்டிகள் அனுப்பியது. உள்ளே மோட்டார், பேட்டரி, பஸ்ஸர், ஒயர். பிள்ளைகள் தாங்களே எதையாவது செய்து கண்டுபிடிக்கத்தான். தலைமையாசிரியர் மாசிலாமணி ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பீரோவில் அடுக்கிப் பூட்டிவிட்டார்.

“எங்களுக்கு எப்ப சார் குடுப்பீங்க?” என்றாள் எட்டாம் வகுப்பு இசக்கியம்மாள்.

“தொட்டா கெட்டுப்போகும். பீரோவைத் திறக்காமலே எதையாவது கண்டுபிடி, பாப்போம்.”

“சரி சார். எவனாவது திருடன் வந்து திறந்துட்டா? காவலுக்கு ஒரே ஒரு பெட்டி குடுங்க.”

திருடன் என்றதும் அவருக்கு வியர்த்துவிட்டது. ஒரு பெட்டி கைக்கு வந்தது. வகுப்பே அதன்மேல் விழுந்தது. துணி கிளிப்பின் வாயில் இரண்டு ஒயர், நடுவில் கல்யாணப் பத்திரிகைத் துண்டு, அதிலிருந்து பீரோக் கதவுக்கு ஒரு நூல். கதவைத் திறந்தால் அட்டை உருவிக்கொள்ளும், ஒயர்கள் தொட்டுக்கொள்ளும், பஸ்ஸர் அலறும். ஆடி மாதம் மாட்டினார்கள்.

மார்கழியில் அறக்கட்டளை அம்மா பார்க்க வந்தார்.

“பிள்ளைங்க தினமும் எடுத்துச் செய்றாங்க மேடம்” என்று மாசிலாமணி கம்பீரமாகக் கதவை இழுத்தார். பஸ்ஸர் அலறியது. அவர் துள்ளியதில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள்.

“என்னம்மா இது?” என்றார் வந்தவர்.

“யாரு பீரோவைத் திறந்தாலும் கத்தும் மேடம். ஆடியிலயே நாங்க செஞ்சு மாட்டினது.” இசக்கியம்மாளுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. “வேலை செய்யுதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”