மூடி மாலை போட்ட கரடி

ஒரு காட்டில் மொத்தை என்றொரு கரடி இருந்தான். பலசாலி, நல்ல மனசுக்காரன். ஆனால் யாராவது "பலே" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடே வேண்டாம்.

ஒருநாள் அந்தக் காட்டுக்குள் ஒரு மனிதர் வந்தார். கையில் நீளமான ஒரு கம்பு. அதன் அடியில் தோசைக்கல் போல வட்டமாக ஒரு தட்டு. மண்ணுக்குள் இரும்போ பித்தளையோ கிடந்தால் அந்தத் தட்டு "ஙொய்ங்" என்று சத்தம் போடும். தரையையே பார்த்து நடந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது எதிரே மொத்தை நின்றான். கம்பைப் போட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டத்தை மான்களே மெச்சின.

மொத்தை கம்பை எடுத்து அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தான். தட்டு "ஙொய்ங்" என்றது.

"அட, தேனீ சத்தம்," என்றான். "மண்ணுக்குள்ள தேன்கூடு இருக்கு."

கரடிக்குத் தோண்டச் சொல்லித்தர வேண்டுமா? நகத்தால் பரபரவென்று தோண்டினான். கிடைத்ததை அப்படியே நாக்கில் வைத்துக்கொண்டான். அது ஒரு சோடா மூடி. துரு வாசம் வாயைவிட்டுப் போக வெகுநேரம் ஆயிற்று.

பக்கத்து வளையிலிருந்து ஈட்டி என்ற முள்ளம்பன்றி தலையை நீட்டினாள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவது அவள் சுபாவம்.

"அது தேனைக் காட்டுற தட்டு இல்லண்ணே, இரும்பைக் காட்டுற தட்டு. அந்த ஆளு குத்தவச்சு ஆணி பொறுக்குனதை நான் பார்த்தேன்," என்றாள்.

இரும்பை வைத்துக்கொண்டு கரடி என்ன செய்வது? மொத்தை மூடியை வீசப் போனான். அப்போது கிளையில் இருந்த மயில், "வெயில் பட்டா மின்னுதே, பலே," என்றது. வீசப் போன கை நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து மொத்தைக்கு அதுவே வேலையாகப் போயிற்று. அருவியில் குளிக்க வந்த மனிதர்கள் வழியெல்லாம் எதையாவது போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள். தட்டு கத்தும், மொத்தை தோண்டுவான். கத்துவதெல்லாம் புதையல் இல்லை என்று சீக்கிரமே தெரிந்துகொண்டான். ஒருநாள் வளைந்த ஆணி. ஒருநாள் டப்பா மூடியின் வளையம். அபூர்வமாக ஒரு மாட்டு லாடம். லாடம் கிடைத்த அன்று அவன் காடு முழுக்கச் சுற்றி எல்லோருக்கும் காட்டினான். தூங்கிக்கொண்டிருந்த ஆந்தையையும் எழுப்பிக் காட்டினான்.

கையில் வைத்துக் காட்டுவது சலித்ததும் எல்லாவற்றையும் ஒரு கொடியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். நடந்தால் கலகல, திரும்பினால் கலகல. முயல்கள் "புதையலண்ணே, புதையலண்ணே" என்று பின்னாலேயே ஓடின. மொத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒருநாள் காலை மயிலை என்ற பசு அழுதுகொண்டே வந்தாள். அவள் பக்கத்து ஊர்க்காரி. தினமும் காட்டில் மேய்ந்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புகிறவள். அவள் கழுத்தில் ஒரு வெண்கல மணி இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மாட்டுக்காரர் சடையன் அவளைக் காட்டுக்குள் கண்டுபிடிப்பார். முதல்நாள் பெய்த மழையில் இடிக்கு மிரண்டு அவள் ஓடியபோது, மணி கட்டிய வார் அறுந்து எங்கோ விழுந்துவிட்டது.

"நேத்து என்னைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள அவருக்கு நல்லா இருட்டிப்போச்சு," என்று விம்மினாள். "இன்னிக்கும் மணி இல்லாம நின்னேன்னா இனிமே காடு கிடையாது, கட்டுத்தறிதான்னு சொல்லிட்டாரு. அவரு புது மணி வாங்குற ஆள் இல்லை. கயிறு வாங்கிட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள மணி கிடைக்கலன்னா இந்தப் புல்லையும் ஓடையையும் உங்களையும் நான் பார்க்கவே முடியாது."

"இவ்வளவுதானா? அழாத தங்கச்சி. புதையலண்ணன் நான் இருக்கேன்," என்றான் மொத்தை.

மயிலை மிரண்டு ஓடிய வழியிலேயே தட்டை ஆட்டிக்கொண்டு புறப்பட்டான். என்ன தெரிகிறது என்று குனிந்து குனிந்து பார்ப்பது அவன் பழக்கம். குனிந்தான், தட்டு கத்தியது. தோண்டினான், வெறும் மண். கொஞ்சம் தள்ளிப்போய்க் குனிந்தான், மறுபடியும் கத்தியது. தோண்டினால் மரவேர்.

"மணி ரொம்ப ஆழத்துல கிடக்குது போல," என்று இடுப்பளவுக்குக் குழி பறித்தான். மண்புழுக்கள்தான் கோபித்துக்கொண்டு வெளியே வந்தன.

ஒவ்வொரு சத்தத்துக்கும் முயல்கள் ஆரவாரம் செய்தன. மயிலை ஒவ்வொரு குழிக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வாடிக்கொண்டே போனது. புல்வெளியில் கால் வைக்க இடமில்லாமல் குழிகள் பெருகின. மணியை மட்டும் காணோம்.

வெயில் மேற்கே சாய்ந்தது. மொத்தையின் நகங்கள் மழுங்கிவிட்டன. "தட்டு கெட்டுப்போச்சு," என்று அதைக் கீழே போட்டுவிட்டு ஓடையில் தண்ணீர் குடிக்கப் போனான். தட்டு கப்சிப்பென்று கிடந்தது. திரும்பி வந்து குனிந்து எடுத்தான். "ஙொய்ங்."

குழி மேட்டில் உட்கார்ந்திருந்த ஈட்டி சிரித்துவிட்டாள்.

"தட்டு கெட்டுப்போகலண்ணே. நீங்க குனியறப்பல்லாம் உங்க மாலை அதுக்கு மேல தொங்குது. அது இரும்பைக் கண்டு கத்துது. காலையிலேருந்து உங்க கழுத்தைத்தான் நீங்க தேடிக்கிட்டிருக்கீங்க."

மொத்தை மாலையைத் தடவிப் பார்த்தான். "கொஞ்சம் முதுகுப் பக்கமா தள்ளிப் போட்டுக்கிட்டா?"

"குனிஞ்சா முன்னால வந்துடும்."

"மாலை இல்லன்னா நீ வெறும் கரடிதான்," என்றது மயில். மொத்தைக்கும் அதே பயம்தான்.

அப்போது காட்டின் ஓரத்திலிருந்து, "ஏ மயிலை" என்று சடையனின் குரல் கேட்டது. மயிலை மொத்தையைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் மாலையைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டினான்.

தட்டு உடனே அடங்கிவிட்டது. "சத்தமே வரல, வாங்கடா போகலாம்," என்று முயல்கள் கலைந்தன. மயிலும் பறந்துவிட்டது. பார்க்க ஆளில்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல் நடப்பது மொத்தைக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நடந்தான்.

ஓடைக்கரை ஈச்சம்புதரருகே தட்டு "ஙொய்ங்" என்றது. இந்த முறை அவன் பாய்ந்து தோண்டவில்லை. தட்டை இந்தப் பக்கமிருந்து ஆட்டினான், அந்தப் பக்கமிருந்து ஆட்டினான். அதே இடத்தில்தான் கத்தியது. மெல்ல மணலைச் சுரண்டினான். மழைத்தண்ணீர் தள்ளி மூடிய மணலுக்கு அடியில் வெண்கல மணி கிடந்தது.

சடையனின் குரல் வெகு அருகில் வந்துவிட்டது. அறுந்த வாரை முடிந்து கழுத்தில் கட்ட நேரமில்லை. மொத்தை மணியை மயிலையின் கொம்பில் மாட்டிவிட்டான்.

"தலையை நல்லா ஆட்டு தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் பாய்ந்தான்.

மயிலை ஆட்டினாள். காடெல்லாம் கணகணவென்று கேட்டது.

தோளில் புதுக்கயிற்றோடு சடையன் வந்து சேர்ந்தார். மணியைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார். "கழுத்துல கட்டுன மணி கொம்புக்கு எப்படிடி ஏறுச்சு?" என்றார். மயிலை மறுபடியும் தலையை ஆட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகினார்.

"சரி நட. நாளைக்கும் இங்கேயே மேயலாம்."

'நான்தான் கண்டுபிடிச்சேன்' என்பது மொத்தையின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு புதருக்குள் கிடந்தான். மணிச்சத்தம் ஊர் எல்லையைத் தாண்டும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

நீதி: நம் பெருமையின் சத்தம் அடங்கினால்தான் நாம் தேடும் பொருளின் சத்தம் காதில் விழும்.