பால் சுறா தேடியவர்

பனையடித்துறையில் ஏலக்காரர் தேசப்பனின் முகம் பார்த்துத்தான் படகுகள் கரையேறும். மீன் ஏலம் பெயருக்கு. அவருடைய உண்மையான தொழில் செட்டை, அதாவது சுறாவின் துடுப்பு. படகுக்காரர்கள் சுறாவைப் பிடித்து, செட்டையை அறுத்துக்கொண்டு, உடம்பைத் துடிக்கத் துடிக்கக் கடலிலேயே தள்ளிவிடுவார்கள். செட்டை மட்டும் தேசப்பனின் மாடிக்கு வந்து காயும். பிறகு கப்பலேறும். எந்த ஊரில் யார் அதைச் சூப்பு வைத்துக் குடிக்கிறார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை.

அவருக்கு ஒரு குரு இருந்தார். சவுக்குத் தோப்புக்கு அப்பால் சிறிய மடம். சீடருக்கு மீசை நரைத்திருந்தது. குருவுக்கு முப்பத்தைந்து வயதிருந்தால் அதிகம். ஊரார் அவரை இளைய சாமி என்பார்கள்.

தேசப்பனுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. மனைவி பூங்காவனத்துக்குப் பால் சுரக்கவில்லை. ஆட்டுப்பாலைப் புகட்டினால் குழந்தை கக்கியது.

"பால் சுறா புட்டு வெச்சுக் குடு. தானா சுரக்கும்" என்றது ஊர். அந்தக் கரையில் பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் முதல் மருந்து.

தேசப்பன் துறை துறையாக அலைந்தார்.

"பால் சுறாவா? கண்ணால பாத்தே ரொம்ப காலம் ஆச்சுண்ணே."

"சின்னதா ஒண்ணு இருந்தாப் போதும்ப்பா."

"உங்க மாடியில காயுதே, அதையே ஊறப்போட்டு அண்ணிக்குக் குடுக்கிறது."

வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அடுத்த துறைக்கு நடந்தார். அங்கும் இல்லை.

சாயங்காலம் மடத்துக்கு வந்து நின்றார்.

"சாமி, குழந்தை அழுற சத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது. ஒரே ஒரு பால் சுறா. நீங்க வேண்டிக்கிட்டா கடலம்மா குடுப்பா."

"ஊர்ல பால் குடுக்கிறவ ஒருத்திகூட இல்லையா?"

தேசப்பன் தரையைப் பார்த்தார். "அஞ்சலை இருக்கா. வீரபாகு பொண்டாட்டி. அந்த வாசல்ல நான் எப்படிப் போய் நிக்கிறது?"

குருவுக்கு அந்த விஷயம் தெரியும். வயிற்றில் குட்டியோடு தூண்டிலில் மாட்டும் சுறாவை வீரபாகு கயிற்றை அறுத்து விட்டுவிடுவான். அவனைப் பார்த்து வேறு இரண்டொருவரும் விட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து தேசப்பன் வீரபாகுவின் மீனை ஏலத்தில் சேர்ப்பதில்லை. அவர் சேர்க்காத மீனை அந்தக் கரையில் வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

"நீங்க முன்னால போங்க" என்றார் குரு. "வர்றேன்."

சிறிது நேரத்தில் குரு தேசப்பன் வீட்டுக்கு வந்தார். நேரே அவரை மாடிக்கு அழைத்துப் போனார். தார்ப்பாயில் செட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இதைப் பிரிச்சு வையுங்க. பெரிசு ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம்."

"சாமி, கீழ குழந்தை..."

"தெரியும். பிரிங்க."

தேசப்பன் உட்கார்ந்தார். பழகிய கை, பார்க்காமலே பிரித்தது. உள்ளங்கையில் அடங்குகிற செட்டைகள் ஒரு பக்கம் முழங்கால் உயரம் குவிந்தன. மறுபக்கம் குவியல் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"பெரிசு ஏன் இவ்வளவு கம்மி?"

"அதெல்லாம் முன்னாடியே தீர்ந்துபோச்சு சாமி. இப்ப வர்றது குட்டிதான்."

"இனிமே குட்டி எங்கிருந்து வரும்?"

தேசப்பனின் கை நின்றது. "நான் ஒண்ணையும் கொல்லலையே சாமி" என்றார். "அறுத்துக் கொண்டாந்தாங்க, வாங்கினேன். அவ்வளவுதானே?"

குரு குவியலிலிருந்து ஒரு குட்டிச் செட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

கீழே குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது.

தேசப்பன் எழுந்து ஓடினார். படிகளில் கால் தடுக்கியது. கதவைத் தள்ளினார்.

பாயில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். அவர் குழந்தை அவள் மார்பில் கிடந்தது. அவளுடைய பிள்ளை பக்கத்தில் பழந்துணியில் கிடந்து தன் விரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. அஞ்சலையின் தோள் எலும்பு புடவைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிந்தது. பூங்காவனம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள், முதுகு குலுங்கியது.

"கதவைச் சாத்திட்டுப் போங்க மாமா" என்றாள் அஞ்சலை. "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?"

அவர் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தார். குரு மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"நீங்க போய்க் கேட்டீங்களா சாமி?"

"கேட்டேன். நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிள்ளையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா."

"தினமும் வருவாளா?"

"வருவா. பால் வருமான்னு தெரியல. அந்த வீட்டுல இப்ப ஒரு வேளைக் கஞ்சிதான். இன்னிக்கு உங்க பிள்ளைக்குக் குடுத்தது அவ பிள்ளையோடது."

தேசப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

"விடியட்டும் சாமி. வீரபாகு மீனை முதல் ஆளா நானே ஏலத்துல எடுக்கிறேன்."

"எடுங்க" என்றார் குரு. "வயித்துல குட்டியோட மாட்டுற சுறாவை அவன் நாளைக்கும் கயித்தை அறுத்து விடத்தான் செய்வான். அவனைப் பாத்து ஊரே விட்டு, உங்க மாடி காலியாச்சுன்னா, அப்பவும் எடுப்பீங்களா?"

தேசப்பன் மாடியை நிமிர்ந்து பார்த்தார். மூடிய கதவுக்கு உள்ளே குழந்தை குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.