பவளமுடியாரின் எறும்புப் படை

முன்னொரு காலத்தில் தும்பைக்காட்டு நாட்டைச் செங்கோடராயன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டார் என்பது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானம் தூங்கி எழுந்ததும், "எந்த மடையன் போட்ட சட்டம் இது?" என்று கேட்பார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மனம் மாறியதே இல்லை. பொங்கலன்று இலையில் மொச்சைக் குழம்பு இருக்கணும். அதுவும் அரண்மனைத் தோட்டத்து மொச்சையாக இருக்கணும்.

போன வருஷம் தோட்டத்தில் காய் பற்றாமல், பக்கத்து வயல்காரி அங்காயியிடம் ஒரு கூடை வாங்கிச் சமைத்துவிட்டார்கள். ராஜா ஐந்து விரலையும் நக்கிவிட்டு, "இதுதான்யா மொச்சை!" என்று சொல்லித் தொலைத்தார். தோட்டத் தலைவர் பவளமுடியாருக்கு அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல்.

"மன்னர் மன்னா! அங்காயி வயலைப் போலவே நம் தோட்டத்திலும் மொச்சைக்குப் பக்கத்தில் சோளமும் கடுகும் நிற்கின்றன. அரச மொச்சைக்கு இது அவமானம் அல்லவா? சிம்மாசனத்தில் உங்களோடு இன்னும் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?" என்று ராஜாவிடம் போய் ஓதினார்.

ராஜா கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். இடுப்பே வலித்தது. "எல்லாத்தையும் பிடுங்கு!"

பிடுங்கினார்கள். மொச்சை தன்னந்தனியாக நின்றது. ஒரே மாதத்தில் கொழுந்தெல்லாம் மை பூசியதுபோல் கறுத்தது. அத்தனையும் அசுவினிப் பூச்சி. பவளமுடியாரோ செடியைத் தள்ளிக் குடைக்குக் கீழே நின்று பார்க்கிறவர். அசுவினி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை; தெரிந்தது வரிசையாக ஏறும் எறும்புகள்தான்.

"ஆகா, என்ன ஒழுங்கு! என்ன நடை! இவைதாம் நம் காவல் படை. தினம் இரண்டு படி வெல்லம் போடுங்கள்!" என்றார். கொழுந்தில் முதலைக்குட்டி மாதிரி முள்ளும் புள்ளியுமாக ஊர்ந்தவற்றை, "சீச்சீ, திருட்டு மூஞ்சி!" என்று நசுக்கச் சொன்னார்.

பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ராஜா தோட்டத்தைப் பார்த்தார். "என்னய்யா, என் மொச்சை கரிச்சட்டி மாதிரி இருக்கு?"

"எல்லாம் அந்த அங்காயி வேலை, மன்னா! கடுகு போட்டுப் பூச்சி வளர்க்கிறாள்!"

"யானைகளைக் கொண்டுவா! அவள் வயலை மிதித்துத் தள்ளு!"

யானைகள் வாசலுக்கு வந்துவிட்டன. அங்காயியையும் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வயல்தான். மடியில் எதையோ முடிந்துகொண்டு, காலில் சேறோடு வந்து நின்றாள்.

"உன் கடுகில் பூச்சி இருக்கா?" என்றார் ராஜா.

"இருக்கு சாமி. கொத்துக் கொத்தா."

"நீயேதான் வளர்க்கிறாயா?"

"ஆமா சாமி. கொழுகொழுன்னு."

பவளமுடியார் புறா மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். "கேட்டீர்களா? கேட்டீர்களா?"

"யானையை விடறதுக்கு முந்தி ஒரு வார்த்தை," என்றாள் அங்காயி. "தலைவரய்யா, உங்க தோட்டத்துல காவக்காரன் யாரு, திருடன் யாரு?"

"எறும்பு காவல்! முள்முதலை திருடன்! என் தலைப்பாகை மேல் சத்தியம்!"

அரண்மனைத் தோட்டத்திலிருந்து கறுத்த கொழுந்து ஒன்று வந்தது, எறும்போடு. அங்காயி மடியை அவிழ்த்து, கடுகு இலையிலிருந்து ஒரு முள்முதலையை எடுத்து அதில் விட்டாள். எறும்புகள் பாய்ந்தன. கடித்தன, இழுத்தன, கீழே தள்ளியே விட்டன.

"பார்த்தீர்களா வீரத்தை!" என்று பவளமுடியார் குதித்தார். சபையே கைதட்டியது.

"திருடன் போயிட்டான். இப்பக் காவக்காரங்க என்ன பண்றாங்க? கிட்ட வந்து பாருங்க சாமி."

ராஜா இறங்கி வந்து மூக்கைக் கொழுந்தில் வைத்தார். ஓர் எறும்பு அசுவினியின் முதுகை மீசையால் தட்டியது. அசுவினியின் பின்பக்கம் ஒரு சொட்டு வந்தது. எறும்பு குடித்தது. அடுத்ததைத் தட்டியது.

"யோவ் பவளமுடி! இது பால் கறக்குதய்யா!"

"அசுவினி செடியோட சாறை உறிஞ்சுது சாமி, அது விடற தித்திப்பை எறும்பு குடிக்குது. அதான் அதைத் தின்ன வர்றவனை விரட்டுது. தலைவரய்யா சொன்ன மாதிரி காவல் நெசந்தான். செடிக்கு இல்ல, திருடனுக்கு."

எறும்பை உதறிவிட்டு, கொழுந்தை மறுபடி எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே நிறுத்தி, பத்து முள்முதலைகளை ஏற்றினாள். ராஜா மத்தியானத் தூக்கத்தையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் கறுப்பு போய்ப் பச்சை தெரிந்தது.

"இந்த முள்முதலை பொறிவண்டோட குஞ்சு. கடுகுல வர்ற பூச்சி வேற சாதி, மொச்சையைத் தொடாது. அதைத் தின்னத்தான் பொறிவண்டு குடியிருக்கும். மொச்சையில பூச்சி விழுந்தா அங்கயும் பந்திக்குப் போயிரும். சோளம், கொடிக்குக் கொம்பு. தனியா உட்கார வச்சா யாருமே ராஜா ஆயிர மாட்டாங்க சாமி, இரையாத்தான் ஆவாங்க."

ராஜா சிம்மாசனத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கத்தினார்: "யானைகளைத் திருப்பு! பவளமுடி, தலைப்பாகையைக் கழற்று. இந்தம்மா வயலுக்குப் போய், ஒவ்வொரு குஞ்சையும் 'ஐயா, வாங்க' என்று கூப்பிட்டு, அந்தத் தலைப்பாகையில் சுமந்து வா!"

பவளமுடியார் போனார். "ஐயா, வாங்க... ஐயா, வாங்க..." குரல் அரண்மனை வரைக்கும் கேட்டது. ஒரு குஞ்சு அவர் காதுக்குள் போகப் பார்த்ததாம், அதற்கும் 'ஐயா'தான்.

"உனக்கு என்ன வேணும் தாயி? தோட்டத் தலைவியாக இருக்கிறாயா?"

"வேண்டாம் சாமி. அரண்மனை ஆளு எவரும் என் வயல்ல கால் வைக்கக் கூடாது. அது போதும்."

"நான்கூடவா?"

"நீங்க வரலாம். ஆனா உங்க பின்னாடி யாரும் இப்படி எறும்பாட்டம் வரிசையா ஏறி வரக் கூடாது."

ராஜா மெதுவாகத் திரும்பினார். அவர் இறங்கி வந்தபோதே எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, மொத்த சபையும் நின்றுகொண்டிருந்தது.